பதினோராம் கேள்விக்கு ஆறு பேரின் பதில்

டாலிகஞ்ச்,
புதன்கிழமை

சமூகவியல் ஆனர்ஸ் நாலாம் வருஷம் படிக்கும் என் பேத்தி தமயந்திக்கு, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட உன் ஆச்சி ஜானகி ஆயிரம் முத்தத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். நாக்பூரில் உன் அப்பா அம்மாவும் சௌக்கியமாம். நீ சௌக்கியமா என்று கேட்கலாமென்றால், போனை எடுத்தால்தானே?

உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தனியாக வாழும் வயதான பெண்கள் ஆறு பேரைப் பேட்டி எடுக்கணும், இந்த வருஷப் படிப்பே அதுதான், ஆள் பிடித்துக் கொடு ஆச்சி என்று நீ வந்து நின்றபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கேள்விகளை நீ சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனாய் பார், அங்கேதான் வினை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற வாரம், டீச்சர் கேள்வியையும் பதிலையும் எங்களுக்கு நெட்டுரு போடவைப்பார். ஒருத்தி தடுமாறினாலும் டீச்சருக்குத்தான் கெட்ட பெயர். என் பேத்திக்குக் கெட்ட பெயர் வர விடுவேனா? இங்கே நம்ம ஊர்ச் சாமான் விற்கிற மளிகைக் கடையில் அகப்பட்ட சங்கரியக்கா, மகேஸ்வரி, இன்னும் மூன்று பேர், எல்லாரையும் நாலு சாயங்காலம் நம் வீட்டில் உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒப்பிக்கவைத்தேன். மகேஸ்வரி மட்டும் முரண்டு பிடித்தாள்.

"எனக்குத்தான் மகன், மருமக இருக்காங்களே. நான் எப்படிக்கா தனி?"

"அவங்க உங்கிட்ட பேசுறாங்களா?"

"இல்ல."

"அப்ப உட்காரு."

பதினோராம் கேள்விதான் பெரிய கேள்வி: தனிமையாக உணர்கிறீர்களா? "தனிமையா? அதுக்கெல்லாம் நேரம் ஏது!" என்று சொல்லி எல்லாரும் சிரிக்கணும் என்று சொல்லிவைத்தேன். சங்கரியக்கா அவசரக்காரி. நாலாம் கேள்வியில், புருஷன் இறந்த வருஷத்தைச் சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

நீ எடுத்துப்போன ஆறு பதிவையும் உன் மொழிபெயர்ப்போடு கேட்ட உன் பேராசிரியை, "இது ஆறு பேரா, ஒரே ஆளா?" என்று கேட்டாராமே. எல்லாவற்றையும் தூக்கிப் போடு, மாசக் கடைசிக்குள் திரும்ப எடு என்றாராமே. நீ வந்து மாடிப்படியில் நின்று, "கீ கொர்லே ஆச்சி! என்ன பண்ணிட்டே! என் வருஷமே போச்சு!" என்று பெங்காலியும் தமிழுமாகக் கத்தியதில், நாம் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டுப் பெங்காலி அண்ணி கதவைத் திறந்து பார்த்தாள். உனக்குப் பிடிக்குமென்று வாங்கிவைத்த சந்தேஷ் இனிப்பைத் தொடாமல் போய்விட்டாய். அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

ஐந்து பேருக்கும் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை அவரவர் பதிலை அவரவரே சொல்லணும் என்று. ஒப்பிப்பது நின்றதும் அவர்களும் வருவதில்லை. நேற்று கடையில் சங்கரியக்கா, "அடுத்து எப்ப ஜானகி? காபி வேண்டாம், சும்மா வர்றேன்" என்றாள். ஆறு டம்ளரையும் இன்னும் அலமாரிக்குள் ஏற்றவில்லை, முழங்கால் வலி.

ஆகவே படிப்புக்காக மட்டும் வா. எனக்காக ஓடிவராதே. எனக்கு டிவி இருக்கிறது, பால்கனி இருக்கிறது, பொழுது போவதே தெரியவில்லை.

நீ முதல் வகுப்பில் தேறி, கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மையான பதில் கிடைக்கிற பெரிய உத்தியோகத்தில் அமர்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, தீர்க்காயுசாக இருக்கணும்.

உன் ஆச்சி,
ஜானகி
பேட்டி எண் ஒன்று

பின்குறிப்பு: உனக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. உன் ஹாஸ்டலில் வாசித்துச் சொல்லவும் ஆள் கிடையாது. அதனால்தான் உறையின் பின்பக்கம் பௌதியை விட்டுப் பெங்காலியில் ஒரு வரி எழுதச் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு வா, ஆச்சி வாசித்துக் காட்டுவாள்." பொழுது போவதே தெரியவில்லை என்று எழுதிய இடம் வரும்போது நான் வேறு மாதிரி வாசிப்பேன். ரெக்கார்டரைப் போட்டு வை.