கட்டாத மெஷினும் என் கல்யாணப் பேச்சும்

பெண் பார்க்க வந்தவர்களிடம் உண்மையைப் பேசக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அப்போது நான் நியூட்ரினோ ஆராய்ச்சியில் மூன்றாம் வருடம். சிவாஜிநகரில் எங்கள் வீட்டு ஹாலில், மாதா படத்துக்குக் கீழே மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும். ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் புக் செய்திருக்கும் ஃபிளாட்டுக்கு கர்ட்டன் பிரவுனா க்ரீமா என்று வந்ததிலிருந்து அதே பேச்சு. (நல்ல குடும்பம்தான். வடையை மட்டும் குறை சொன்னார்கள்.)

மாப்பிள்ளையின் அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஏதோ ரிசர்ச் என்று மம்மி முடிக்கப் பார்த்தார். விடுவேனா நான்? நியூட்ரினோ என்பது கண்ணுக்குத் தெரியாத துகள், அதைப் பூமிக்குள்ளாகவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அனுப்பினால் வழியிலேயே ஒரு வகை இன்னொரு வகையாக மாறிவிடும் என்று ஆரம்பித்தேன். புரியவில்லையோ என்று, மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, சமையலறையில் முறுக்காகக் கிளம்பி ஹாலுக்கு வரும்போது சீடையாக இருக்கும் ஆன்ட்டி என்று விளக்கினேன். பாவம், வாயில் பாதி முறுக்கோடு முழித்தார். அந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் பெரிய மெஷின் ஒன்று என்று முடித்தேன்.

"அந்த மெஷின் எங்கம்மா இருக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இன்னும் கட்டல அங்கிள். வருஷக் கணக்காகும்."

"அப்ப டெய்லி போய் என்னதான் பண்றே?"

கட்டினால் எதைக் கண்டுபிடிக்கும், எதைக் கோட்டைவிடும் என்று இப்போதே கணக்குப் போடுகிறேன், அதைப் பார்த்துத்தான் எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்வார்கள் என்றேன். அவர் சிரித்தார். இல்லாத மெஷினுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு, கல்யாணத்தோடு நிறுத்திவிட்டு சும்னே, சும்மாவே வீட்டில் இருக்கட்டும் என்றார். அதுவும் என்னிடம் இல்லை, டாடியிடம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்க ஃபிளாட்டும் இன்னும் கட்டலியே அங்கிள். கர்ட்டன் கலர்கூட பாத்துட்டீங்க."

மாப்பிள்ளை மட்டும் களுக்கென்று சிரித்து, அவர் அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். சம்பந்தம் அன்றே முறிந்தது. மம்மி ரொம்ப நாள் என்னிடம் வாய் திறந்தது திட்டுவதற்கு மட்டும்தான். வாய்க்கொழுப்பு என்றார்கள். இருக்கட்டுமே! படிப்பை நான் விடவில்லை. இன்னொரு முறை அதே ஹாலில் உட்காரவைத்தாலும் அதையேதான் சொல்வேன், தட்டை மட்டும் பிடுங்க மாட்டேன்.

பட்டம் வாங்கி, அதே வேலையில்தான் இருக்கிறேன். மெஷின் இன்னும் முடிந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பொண்ணோட மெஷின் கட்டியாச்சா என்று தெரிந்தவர்கள் டாடியை ஓட்டுவார்கள். அன்று ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது நின்று பதில் சொல்கிறார்.

"மெதுவா கட்டட்டும். எம்பொண்ணு போட்ட கணக்கைப் பாத்துட்டுத்தானே கட்டணும்?"