பேயரசியின் குகைக்கு அவசர வழி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், உங்கள் சம்பந்தியம்மா, உங்கள் மகள், மாப்பிள்ளை எல்லோரும் நலம், ஒரு பால் பாத்திரம் நீங்கலாக. அங்கு தங்கள் முழங்கால் வலி குறைந்து, அதைச் சாக்கிட்டுத் தங்கள் துணைவியாரிடம் வாங்கும் திட்டும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. கல்யாணப் பேச்சின்போது தாங்கள் என்னிடம், "எங்க பொண்ணு வாயில்லாப் பூச்சி, நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை பேசமாட்டா" என்று சொன்னீர்கள். அது தவறான தகவல். நான் தீயணைப்புத் துறையில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; தவறான தகவலுக்கு நோட்டீஸ் அனுப்பியே காலம் தள்ளியவன். இக்கடிதத்தையும் ஒரு நோட்டீஸாகவே தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமைதோறும் பிற்பகலில் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து உங்கள் மகளும் நண்பர்களும் ஒரு கதையை விளையாடுகிறார்கள். ஆளுக்கொரு வேடம். பக்கத்துத் தெரு பல் மருத்துவரம்மா வாள் வீரர். லிஃப்ட் பழுது பார்க்கும் நெட்டை மனிதர் ஒருவர் வருவார், எல்லோரும் ஒட்டகம் என்றே கூப்பிடுகிறார்கள், அவர் குள்ள மந்திரவாதி. உங்கள் மாப்பிள்ளை திருடன். என் குடையை எடுத்துப்போய் இன்னும் திருப்பித் தராதவனுக்குப் பொருத்தமான வேடம்தான். எதிரே வரும் பேய், பூதம், கடைக்காரர், காவலாளி அத்தனை பேரும் உங்கள் மகள். கதை எந்த வகை, அந்த உலகத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதை ஒரு மென்பொருளில் முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும். திகில் என்று அமைத்தால் விளக்கு அணையும், கதவு கிறீச்சிடும், யார் எப்போது சாவார் என்று சொல்ல முடியாது. ஒரு வருடமாக இவர்கள் ஒரு பேயரசியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போன சனிக்கிழமை அவளுடைய குகையில் கதை முடிய வேண்டும். முடிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் பல் மருத்துவரம்மாவுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை விமானம். இந்த ஊருக்கு வந்து உங்கள் மகளுக்குக் கிடைத்த முதல் தோழி அவர்தான். அந்த வாரம் முழுக்க இவள் சாப்பாட்டைக் கொறித்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

அன்று காலை அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். "மாமா, லேப்டாப்புல வகை அமைப்புன்னு ஒரு பக்கம் தொறந்திருக்கும். கீழ சேமின்னு ஒரு பட்டன் இருக்கும். அத மட்டும் அழுத்திடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

சம்பந்தி, என் சர்வீஸில் பார்க்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவனில்லை நான். தியேட்டர் முதலாளி ஒருவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும், பின்பக்கக் கதவைத் திறந்து காட்டிய பிறகுதான் போட்டேன். சேமிப்பது என்றால் ஒப்புதல் கொடுப்பதுதானே? ஆய்வு செய்தேன். பகீரென்றது. வெளிச்சம் மிகக் குறைவு. அச்சம் உச்சம். மரணம் உண்டு. தாக்குமுன் எச்சரிக்கை கிடையாது. குகைக்கு ஒரே ஒரு வாசல்! ஒரே வாசல் உள்ள இடத்துக்குள் மூன்று பேரை அனுப்ப என் மனசு எப்படி ஒப்பும்? வெளிச்சத்தைக் கூட்டினேன். அச்சத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கினேன். மரணத்தை ரத்து செய்தேன், அதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறான் அந்த மென்பொருளைச் செய்த மகராசன். எச்சரிக்கையைக் கட்டாயமாக்கினேன். குகைக்கு அவசர வழி ஒன்று திறந்து மேலே பச்சை விளக்கும் போட்டேன். கடைசியாகத் திகிலை எடுத்துவிட்டு, பட்டியலில் ஒரு ஓரமாக இருந்த 'அன்றாட வாழ்க்கை'யைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். மனசு நிறைஞ்சு போச்சு சம்பந்தி, பெருமை தாங்காம உங்க சம்பந்தியம்மாகிட்ட போய்ச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேய்க்கதையில பேய எடுத்துட்டா அந்தப் புள்ள என்னத்தச் சொல்லி முடிப்பா? ஆசை ஆசையா செஞ்சு வெச்சிருந்தாளே, கெடுத்துட்டீங்களே!" அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்ப மாற்றலாமென்று ஓடினால் எது எங்கே இருந்தது என்று ஒன்றும் நினைவில்லை. அதற்குள் வாசலில் ஒட்டகத்தின் குரல் கேட்டது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் மகள் திரையைப் பார்த்தாள். ஒருமுறை சமையலறைப் பக்கம் திரும்பினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் ஆரம்பித்தாள். "வாங்க, வெளிச்சத்துக்கு வாங்க. இது முதல் எச்சரிக்கை, கொஞ்ச நேரத்துல உங்களத் தாக்கப்போறேன். வெளிய போற வழி அதோ, பச்சை விளக்குக்குக் கீழ." ஒட்டகம் விழுந்து விழுந்து சிரித்தார். என் பிள்ளை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவர்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, குரலை இறக்கிச் சொன்னாள். "எங்கிட்ட யாருமே சாக மாட்டாங்க. அதுதான் என் சாபம். வர்றாங்க, பாக்குறாங்க, அந்த வழியா நல்லபடியா போயிடுறாங்க. நான் மட்டும் இங்கயே இருக்கேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. பல் மருத்துவரம்மா, "நான் வாளக் கீழ வெச்சுட்டேன். அந்த வழியில போகல, கொஞ்ச நேரம் இவ பக்கத்துல உக்காந்துக்குறேன்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இருவரும் மேசைக்கு மேலாகக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் திறந்துவைத்த ஒரு அவசர வழியை வைத்து இவ்வளவு பேரையும் அழவைக்க முடியுமென்று கனவிலும் நினைத்ததில்லை. என்ன பொண்ணு சம்பந்தி! என்ன பேச்சு! கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வீடெல்லாம் புகை. பால் பொங்கி, வற்றி, பாத்திரமும் கருகி, ஓய்வு பெற்ற பாதுகாப்பு ஆய்வாளர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வாளியோடு வந்துவிட்டார்கள்.

இப்போது தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றியது நான் என்று உங்கள் மகளுக்குத் தெரியாது. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். நானாகப் போய்ப் பாராட்டினால் குட்டு உடைந்துவிடும். எனவே அடுத்த முறை பேசும்போது, தாங்களே கேள்விப்பட்டதுபோல நாலு வார்த்தை மனதாரப் புகழ்ந்துவிட வேண்டும். என் பெயர் வரவே கூடாது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். குழந்தைகள் இருவரும் என்றும் இதேபோல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டதை மறந்துவிடவும். தபாலில் சேர்க்கச் சொல்லி உங்கள் மகளிடமே கொடுத்தேன். உறையை ஒட்ட மறந்துவிட்டேன். நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்துவிட்டாள். "மாமா, எனக்கு அன்னிக்கே தெரியும். பேய் வீட்டுக்குப் பச்சை விளக்கு போடுற ஆளு இங்க வேற யாரு? பழைய அமைப்போட நகல் எங்கிட்ட இருந்துச்சு. ஒரு நிமிஷத்துல மாத்தியிருக்கலாம்" என்றாள். "அப்ப ஏம்மா மாத்தல?" என்று கேட்டேன். "கதவுக்குப் பின்னாடி உங்க மூஞ்சியப் பாத்தேன். மாத்த மனசு வரல" என்றாள். பாராட்டை நானே சொல்ல ஆரம்பித்தேன், சம்பந்தி; பாதியிலேயே பாலைப் பார்க்கிறேன் என்று சமையலறைக்குள் ஓடிவிட்டேன். மீதியை மட்டும் தாங்கள் சொல்லிவிடவும்.