காயிலும் காயலானும்

பனிக்காலம் முடிகிறவரை போர்வைக்குள்ளிருந்தே குடும்பம் நடத்துவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். அதற்குத் தோதாக ஒரு காரணமும் கைவசம் இருந்தது. டிராக்டர்.

"டீசல் இன்ஜின்டி அது. குளிர்ல அதைச் சூடேத்துற காயில் சூடாகாது, வண்டி எழுந்திருக்காது, பாவம்."

"எருக்குவியல் ஒரு மாசமா கொல்லையில கிடக்கு. நாத்தம் குடலைப் பிடுங்குது. எப்பத்தான் வயலுக்குப் போகும்?"

"வெயில் வரட்டும்."

"போன வாரம் வந்துச்சே?"

"அது வெளிச்சம். வெயில் வேற."

மனைவி அதற்குமேல் பேசவில்லை. பேசாத மனைவி எவ்வளவு ஆபத்து என்று கல்யாணமான எவருக்கும் தெரியும். இவருக்கோ அது தூங்க வசதியாகப் போயிற்று. அடுத்த நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல பழைய இரும்பு எடுக்கிறவர் வர்றார். எழுந்திருக்காத வண்டி எதுக்கு? காயில் சூடாகலேன்னா காயலான் கடைதான்."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். மனைவி, தங்கை என்று இருவர் இருக்கிற அந்த வீட்டில் அவர் திருப்பின பக்கம் திரும்புகிற ஒரே ஜீவன் அந்த டிராக்டர்தான்.

விடியற்காலையில் பூனை மாதிரி எழுந்தார். அவள் கண் விழிக்குமுன் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. யார் வைத்தது என்று யோசிக்கிற வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. தூக்கிக்கொண்டு நடந்தார்.

வெளியே உலகத்தை யாரோ பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார்கள். வேலி இல்லை, மரம் இல்லை. டிராக்டரின் மூக்கு மட்டும் வெள்ளையில் மிதந்தது. ரேடியேட்டரில் வெந்நீரை ஊற்றினார். ஆவி எழுந்து பனியில் கலந்தது. எது ஆவி, எது பனி, எது தன் மூச்சு என்று அவருக்கே பிடிபடவில்லை. சீட்டில் ஏறி, சாவியைப் பாதி திருப்பிக் காத்திருந்தார். காயில் விளக்கு குங்குமப் பொட்டாய்ச் சிவந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் சொருகியது. டிராக்டர் மெல்லத் தரையை விட்டு எழும்பியது. கீழே வயல் இல்லை, வேலை இல்லை. எங்கோ அடியில் மனைவி வாயை வாயை அசைக்கிறாள். ஒரு சொல்லும் மேலே எட்டவில்லை. ஆஹா. அந்த உயரத்திலும் லேசாக எரு நாறியது. கனவுதானே என்று விட்டுவிட்டார்.

திடுக்கிட்டு விழித்து, "எழுந்திருடா கண்ணு" என்று சாவியை முழுக்கத் திருப்பினார். இன்ஜின் இருமியது. மறுபடி திருப்பினார். வெள்ளைப் புகை கக்கி, உடம்பெல்லாம் உதறி, டப் டப்பென்று உயிர் பிடித்தது.

"அடியே, வந்து பாரு. எழுந்துடுச்சு."

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தாள். "இந்தக் குளிர்லயா?"

"எந்தக் குளிர்லயும் எழுந்திருக்கும். நான் சொன்னா கேக்கும்."

"எந்தக் குளிர்லயுமா?"

"எந்தக் குளிர்லயும்டி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியாம்மா?" உள்ளேயிருந்து அவருடைய சொந்தத் தங்கை தலையாட்டினாள்.

"சரி, அந்த இரும்புக்காரர் வந்தா வாசலோட அனுப்பிடு."

"எந்த இரும்புக்காரர்?"

பனி கொஞ்சம் விலகியது. அவர் திரும்பிப் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் டிரெய்லர், கொக்கி மாட்டித் தயாராக நின்றது. அதன்மேல் மலையாக எரு.

"நேத்து மத்தியானம் நீங்க தூங்கினப்போ நாங்க ரெண்டு பேரும் ஏத்தினோம். சீக்கிரம் கிளம்புங்க. வண்டி ஆறாது, நீங்க ஆறிடுவீங்க."