இழுவைக் கடையில் ஒரு தற்செயல்

"அந்தக் கார்டை இஞ்ச தாங்கோ," என்று கையை நீட்டினார் சுந்தரேஸ்வரி.

வரிசையில் நின்ற அவருடைய கணவர் நவரத்தினம் கோட்டின் உள்பையைப் பொத்திக்கொண்டார். உள்ளே இருந்தது விசிட்டிங் கார்டுக் கட்டு. 'தலைவர், வுப்பர்டால் தமிழர் பண்பாட்டு ஒன்றியம்' என்று பொன்னிற எழுத்து. ஒன்றியத்தில் மொத்தம் பதினொரு பேர். அவர்களில் எட்டுப் பேர் துணைத்தலைவர்கள். இருந்தாலும் கார்டு நல்ல தடித்த தாள்.

"அது தன்பாட்டில இருக்கட்டும்."

"அது இருக்கும். உங்கட வாய் இராது. நாலு சம்பந்தம் குழம்பினது காணாதோ?"

நாலாவது சம்பந்தம் பாரிஸிலிருந்து வந்தது. நவரத்தினம் அவர்களுக்கு ஒன்றியத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கி, முதலாவது நிர்வாகசபைத் தெரிவுக்கு வரும்போதே அவர்களுடைய ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலைப் பிடித்துப் போனவர்கள் பிறகு ரெலிபோனே எடுக்கவில்லை.

அன்றைக்கே மகள் தேனுஜா சொல்லிவிட்டாள். "அப்பா, இன்னும் ஒரு இடம்தான். அதையும் நீங்கள் கதைச்சுக் குழப்பினா, இனி என்னை ஒரு இடத்துக்கும் கூப்பிடக் கூடாது." அவளுக்கு இருபத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவள் கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நவரத்தினம் சமாளித்திருப்பார். கோபமில்லாமல், வாடிக்கையாளருக்குக் கண்ணாடியின் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கார்டுக் கட்டு சுந்தரேஸ்வரியின் கைப்பைக்குள் போனது.

ஐரோப்பாவுக்கு வந்த எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதில்லை, தற்செயலாகச் சந்திப்பார்கள். கோயிலிலோ கடையிலோ இரண்டு குடும்பம் தற்செயலாக எதிரெதிரே வரும். பிடித்தால் பேச்சு நடக்கும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவேயில்லை. இத்தகைய தற்செயல்களை நிமிடக் கணக்காக ஏற்பாடு செய்வதில் கொலோன் சந்திரகாந்தி அக்காவுக்கு நிகர் இல்லை. இந்தமுறை அவர் மாப்பிள்ளை வீட்டாரின் பெயரைக்கூடச் சொல்ல மறுத்துவிட்டார்.

"பேர் சொன்னா நீங்கள் கனடா வரைக்கும் ரெலிபோன் அடிச்சு விசாரிப்பியள், அண்ணை. சனி ஒரு மணி, இழுவைக் கடை. தாய், தகப்பன், மகன். தகப்பன் கண்ணாடி போட்டவர். மகன் இஞ்சினியர். நீங்கள் நூடுல்ஸ் தின்ன வந்தமாதிரி இருங்கோ. மிச்சத்தை அவை பாப்பினம்."

கொலோன் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்தக் கடையின் பெயர்ப்பலகை சீன எழுத்தில் இருந்ததால், தமிழர் அதற்குத் தாங்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மாவைக் கையால் இழுப்பதும், இடம் கிடைக்க முக்கால் மணி நேரம் இழுபடுவதும் சேர்ந்து 'இழுவைக் கடை'. ஒரு கிண்ணம் ஐந்து யூரோவுக்குள். மாணவர்கள், டாக்சி ஓட்டிகள், வங்கிக்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசை. முன்கூட்டியே டேர்மின் வைத்து மேசை பிடிக்க ஏலாது. நவரத்தினம் முதல் நாள் ரெலிபோன் எடுத்துத் தலைவர் என்று சொல்லியும் பார்த்தார். "தலைவரும் வரிசையில் நிற்கலாம்," என்று பதில் வந்தது.

"இஞ்சினியர் குடும்பம் வந்து இருக்கிற இடமோ இது?" என்று மனைவியின் காதுக்குள் முணுமுணுத்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் மாவுத் துண்டைப் பலகையில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். "இடியப்ப உரல் ஒண்டு வாங்க வக்கில்லாமக் கையால இழுக்கிறாங்கள்."

"கதைக்காம நில்லுங்கோ."

கதவு திறந்தது. காதில் பென்சில் செருகிய சீனப் பெண்மணி ஒருவர் விரலால் தேனுஜாவோடு சேர்த்து மூவரையும் எண்ணினார். "மூன்று பேர். அங்கே," என்று ஜெர்மனில் உத்தரவிட்டார். அங்கே ஆறு பேர் மேசை. ஒரு பக்கம் ஏற்கெனவே நிறைந்திருந்தது: கண்ணாடி போட்ட ஒரு மனிதர், அவருடைய மனைவி, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன். மூவரும் தமிழர்.

நவரத்தினத்தின் நெஞ்சு பலகையில் விழுந்த மாவைப்போல ஒருமுறை அடித்தது.

"இதில இருக்கலாமோ?" என்று கேட்டார், தற்செயலாக.

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "இருங்கோ இருங்கோ. நான் உருத்திரமூர்த்தி. இது மனிசி ஜெயமலர். இது வினோஜன். சுவர்ப் பக்கம் குளிரும், அண்ணை. நீங்கள் என்ர கதிரையில இருங்கோ."

நவரத்தினம் திகைத்துப்போனார். இதுவரை நாலு மாப்பிள்ளைத் தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறார். நாலு பேரும் கதிரையில் சாய்ந்து, காலுக்குமேல் கால் போட்டு, கூரையைப் பார்த்துப் பேசியவர்கள். இவரோ கதிரை நுனியில் இருந்தார். தண்ணீர்க் குவளையை நவரத்தினத்தின் பக்கம் தள்ளி வைத்தார். இதல்லவோ பண்பாடு என்று ஒன்றியத் தலைவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"நீங்கள் இஞ்ச அடிக்கடி வாறனீங்களோ?" என்று கேட்டார் உருத்திரமூர்த்தி.

"ஒவ்வொரு சனியும்," என்றார் நவரத்தினம். தற்செயலுக்கு அதுதானே அழகு.

"நாங்களும் ஒவ்வொரு சனியும்தான்."

"காணேல்லையே?"

"நாங்கள் பன்னிரண்டுக்கு வாறனாங்கள்."

"அதுதான். நாங்கள் ரெண்டுக்கு."

பென்சில் பெண்மணி வந்து நின்றார். "என்ன வகை? மெல்லியதா, தட்டையா, மூன்று பட்டையா?"

பெண்களும் பிள்ளைகளும் மெல்லியது என்றார்கள். ஒவ்வொரு சனியும் வருகிறவர் அப்படி யோசிக்காமல் சொல்ல முடியுமா? நவரத்தினம் நிமிர்ந்து, "வழக்கமானது," என்றார்.

"யாருடைய வழக்கம்?"

நவரத்தினம் உணவுப் பட்டியல் அட்டையில் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தார்.

"எனக்கும் அதேதான். எனக்கும் அதுதான் வழக்கம்," என்றார் உருத்திரமூர்த்தி அவசரமாக.

வந்தது இடுப்புப்பட்டி அகலத்தில் ஒரே ஒரு நூடுல்ஸ். கிண்ணத்துக்குள் மலைப்பாம்புபோலச் சுருண்டு, ஆட்டிறைச்சிச் சாற்றில் படுத்திருந்தது. அதற்குத் தலை எது, வால் எது என்று தெரியவில்லை. பக்கத்தில் இரண்டு குச்சிகள்.

"தொடங்குங்கோ அண்ணை," என்றார் நவரத்தினம். எப்படிப் பிடிப்பது என்று பார்த்துப் படிக்கலாம் அல்லவா.

"சீச்சீ, நீங்கள் தொடங்குங்கோ."

"நீங்கள்தான் முதல்."

"உங்களுக்கு முன்னால நானோ?"

"தின்னுங்கள்," என்றார் அந்தப் பக்கம் போன பென்சில் பெண்மணி. "ஆறினால் ஒட்டும். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள்."

உருத்திரமூர்த்தி குச்சிகளை மேசையில் இரண்டு தரம் தட்டினார். நவரத்தினம் உடனே இரண்டு தரம் தட்டினார். பிந்திவிட்டோமோ என்ற பயத்தில் இன்னொரு தரமும் தட்டினார். அதைக் கண்ட உருத்திரமூர்த்தி, மூன்றுதான் முறை என்று நினைத்துத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டார். நவரத்தினம் இறைச்சித் துண்டு எங்கே என்று பார்க்கக் கிண்ணத்தைத் திருப்பினார். எதிர்க் கிண்ணமும் அதே பக்கம் திரும்பியது.

"அப்பா, முள்ளுக்கரண்டி கேக்கட்டோ?" என்றாள் தேனுஜா மெதுவாக.

"முள்ளுக்கரண்டியோ? ஒவ்வொரு சனியும் வாறனாங்கள், பிள்ளை."

முள்ளுக்கரண்டி கேட்பதற்குப் பாதி உயர்ந்திருந்த உருத்திரமூர்த்தியின் கை, அப்படியே தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. அதை வினோஜன் கண்டான். தேனுஜாவும் கண்டாள். இருவரும் அவசரமாகத் தங்கள் கிண்ணங்களுக்குள் குனிந்தார்கள்.

நவரத்தினம் ஒருவழியாக ஒரு முனையைக் கவ்வித் தூக்கினார். தூக்கத் தூக்க வந்தது. கை தலைக்குமேல் போயும் மறுமுனை தெரியவில்லை. எழுந்து நின்றார். இதுவும் முறைபோலும் என்று உருத்திரமூர்த்தியும் எழுந்து நின்றார். கோட்டுப் போட்ட இரண்டு பெரிய மனிதர்கள், ஆளுக்கொரு நூடுல்ஸை உயர்த்திப் பிடித்து, கொடியேற்றுவதுபோல நேருக்கு நேர் நின்றார்கள். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மாவு இழுப்பவர், தனக்குத்தான் மரியாதை என்று எண்ணித் தலை வணங்கினார்.

தலைவருக்கு வணக்கம் வந்தால் பதில் வணக்கம் சொல்லாமல் இருக்க வராது. குனிந்தார். கழுத்துப்பட்டி சாற்றுக்குள் போனது. "ஐயோ அண்ணை," என்று உருத்திரமூர்த்தி துடைக்கப் பாய்ந்தார். அவர் எடுத்த துணி மிளகாய் எண்ணெய்க்குப் பக்கத்தில் கிடந்த துணி. புள்ளியாக இருந்தது படமாக விரிந்தது. இன்னும் வடிவாகத் துடைக்கலாம் என்று அவர் எட்டிக் குனிய, ஆவி படிந்திருந்த அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவி நவரத்தினத்தின் கிண்ணத்துக்குள் விழுந்து மறைந்தது.



தேனுஜா இரண்டு குச்சிகளால் அதைத் தூக்கி எடுத்தாள், கழுவினாள், விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பெருவிரலால் கண்ணாடிக் காலை ஒரு வளை வளைத்துக் கொடுத்தாள்.

உருத்திரமூர்த்தி போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருசமா ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது, பிள்ளை," என்றார் தழுதழுத்து. "இண்டைக்குத்தான் உலகம் நேரா நிக்குது."

நவரத்தினத்துக்குத் தன் மகளைப் பற்றி இருபது நிமிடம் பேசலாம்போல வந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் சுந்தரேஸ்வரி ஒரு துண்டு நூடுல்ஸைச் செருகிவிட்டார்.

அதன்பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. நூடுல்ஸ் முதலில் வழுக்கியது, பிறகு பல்லுக்கு எதிர்த்து நின்றது, பிறகு நல்லபடியாக விட்டுக்கொடுத்தது. உள்ளே கொத்தமல்லி மணம். பின்னால் வந்த உறைப்பு நெற்றியில் வியர்வையாகப் பூத்தது. நவரத்தினம் இன்னொரு வாய் எடுத்தார். கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். மாவு ஒன்று இரண்டாகியது, இரண்டு நாலாகியது. எட்டாவது மடிப்பில் அந்த மனிதரின் விரல்களுக்கிடையில் ஒரு வெள்ளைத் திரை தொங்கியது. ஒரு இழைகூட அறவில்லை. அவர் சட்டையில் பதக்கமும் இல்லை, பதவியும் இல்லை. வெளியே நாற்பது பேர் அவருக்காக நின்றார்கள். ஒன்றியத்தின் ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதிலும் ஆறு பேர் பாட்டுக்காரர்.

பத்து நிமிடம் நவரத்தினம் ஒரு சொல் பேசவில்லை. வாய் நிறைந்திருந்தால் இவர் பேசுவதில்லை என்பதை முப்பது வருடமாகக் கவனிக்காமல் விட்டோமே என்று சுந்தரேஸ்வரி நொந்துகொண்டார்.

"தம்பி எங்க வேலை?" என்று கடைசியில் கேட்டார் நவரத்தினம். கேள்வி மட்டும்தான். வரலாறு இல்லை.

"எஸ்-பான் ரெயின் ஓட்டுறன், அங்கிள்," என்றான் வினோஜன்.

ஒரு வாய் சாறு தவறான வழியில் இறங்கியது. எஞ்சின் ஓட்டுகிறவனைச் சந்திரகாந்தி இஞ்சினியர் ஆக்கியிருக்கிறாள். வேறொரு நாளாயிருந்தால் நவரத்தினம் துவாயை மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்பார். இன்றைக்கு எதிரே பார்த்தார். உருத்திரமூர்த்தி அவருடைய கிண்ணத்தில் தன் கிண்ணத்து இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். ஜெயமலரோ பெண்ணை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அளக்காமல், அடக்கமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மாப்பிள்ளையின் தாய் இப்படி இருப்பாள்? எஞ்சினுக்கும் இஞ்சினியருக்கும் இரண்டு எழுத்துத்தானே வித்தியாசம் என்று தலைவர் தீர்மானம் நிறைவேற்றினார்.

"நேரத்துக்கு ஓடுற ரெயினோ, தம்பி?"

"நான் ஓட்டினா ஓடும். சிக்னல் விடவேணும்." தேனுஜா சிரித்தாள். நாலு சம்பந்தத்திலும் அவள் சிரித்து நவரத்தினம் கண்டதில்லை.

சற்று நேரத்தில் இளையவர்கள் இருவரும் மாவு இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கண்ணாடித் தடுப்பருகே போனார்கள். வினோஜன் இழைகளை எண்ண முயன்று தோற்றான். தேனுஜா எங்கே பிழைத்தது என்று காட்டினாள்.

"எல்லாரும் வந்திட்டியளோ? இன்னும் ஆராவது வர இருக்கினமோ?" என்று தயங்கிக் கேட்டார் உருத்திரமூர்த்தி.

"வரவேண்டியது எல்லாம் வந்திட்டுது," என்றார் நவரத்தினம், மகளைப் பார்த்தபடி. "அண்ணை, இனி என்னத்துக்கு ஒளிப்பான்? நான் இண்டைக்குத்தான் இந்தக் கடைக்குள்ள கால் வைக்கிறன்."

உருத்திரமூர்த்தி பெருமூச்சு விட்டார். "நானும்தான், அண்ணை. அந்தக் குச்சியை நீங்கள் மூண்டு தரம் தட்டேக்கை எனக்குக் குலை நடுங்கினது."

"உங்களைப் பாத்தெல்லோ நான் தட்டினனான்."

இருவரும் மேசை குலுங்கச் சிரித்தார்கள். "எனக்கு இனி ஒரு விசாரணையும் தேவையில்லை," என்றார் நவரத்தினம். அவர் வாழ்க்கையில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். "எங்களுக்குப் பூரண சம்மதம்."

"எங்களுக்கும். ஆளைப் பாக்கவே தேவையில்லை, அண்ணை. இப்பிடியொரு குடும்பத்தைப் பாத்தாக் காணும்."

இரண்டு பேரும் வெற்றுக் கிண்ணங்களுக்கு மேலாகக் கையைப் பற்றிக்கொண்டார்கள். சுந்தரேஸ்வரி கண்ணைத் துடைத்தார். ஐந்தாவது சம்பந்தம் குழம்பவில்லை.

அதுவரை வாயே திறக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயமலர் இப்போதுதான் முகம் மலர்ந்து திரும்பினார்.

"அப்ப உங்கட மகனைக் கூப்பிடுங்கோவன், அண்ணை, நாங்களும் மாப்பிள்ளையை ஒருக்காப் பாப்பம், எங்கட பொம்பிளை வெளியில காருக்கு இடம் தேடிச் சுத்திக்கொண்டெல்லோ நிக்கிறா."