எமனை ஜெயிக்கப் போன வழியில் ஒழுகிய ஆயில்

புது வண்டிக்கு முதல் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று மட்டும் நம் ஊரில் யாரையும் கேட்டுவிடக் கூடாது. பெண்ணுக்கு எப்போது கல்யாணம், வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்பதிலாவது நாலு பேர் ஒத்துப்போவார்கள். ஆயில் விஷயத்தில் ஆளுக்கொரு சாஸ்திரம். ஐந்நூறு ஓடியதுமே கொட்டிவிட வேண்டும் என்பார் ஒருவர். ஆயிரம் தாண்டக் கூடாது என்பார் இன்னொருவர். சர்வீஸ் சென்டரில், பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்றார்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் அதுவேதான் இருந்தது. (நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு நம்பவில்லை. படிக்காமலே இருந்திருக்கலாம்.)

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். பாகுநிலை, உராய்வு என்றெல்லாம் வகுப்பில் சொல்லிச் சொல்லி, எண்ணெய் சம்பந்தமான எதுவும் எனக்குத் தெரிந்ததுதான் என்ற எண்ணம் வந்துவிட்டது. கார் வாங்கிய புதிதில் ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். புது எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசிப் பொடி உதிரும், அந்தப் பொடியோடு ஓட்டுவது ரத்தத்தில் மணலோடு நடமாடுவது மாதிரி என்று ஒருவர் கண்ணை உருட்டிச் சொன்னார். அதன்பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் போய், இப்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள் என்றேன். அவசியமில்லை சார் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயே எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்தத் தை மாதம்தான் மாமனாருக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். எமன் வீசிய கயிற்றுக்குப் பக்தச் சிறுவன் ஒருவன் தப்பித்த தலம், அங்கே போய் மாலை மாற்றிக்கொண்டால் ஆயுசு நீளும் என்பது நம்பிக்கை. சொந்தக்காரர்கள் எல்லோரும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். மாமனார் மாமியாரைக் கும்பகோணத்து வீட்டிலிருந்து என் புதுக் காரில் அழைத்துவருவது என் பொறுப்பு. கேட்டு வாங்கிய பொறுப்பு.

முதல் நாள் சாயங்காலம், அவர்கள் வீட்டுக் கொல்லையில் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி நானே ஆயிலை மாற்றினேன். என் மனைவி மங்கை அரிசி களைந்த கையோடு வந்து பார்த்தாள்.

"நாளைக்குத் தூரம் போகணும். வந்து பண்ணிக்கலாமே."

"தூரம் போறதுக்காகத்தான் பண்றேன்" என்றேன், காருக்கு அடியிலிருந்து.

பழைய ஆயில் மாமியாரின் அலுமினியச் சட்டியில் தேன் மாதிரி இறங்கியது. அதில் ஏதோ மினுங்கியதாக எனக்குத் தோன்றியது. (கொல்லை பல்பின் வெளிச்சம் என்று இப்போது தோன்றுகிறது.) டப்பா மாதிரி இருக்கும் பழைய ஃபில்டரைத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகினேன். இறுக்கமாக உட்கார்ந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். சொட்டு இல்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்பினோம். விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. வெளியே பனி. டெல்டாவில் தை மாதப் பனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மேலிருந்து இறங்குவதில்லை. அறுப்புக்கு நிற்கும் வயலிலிருந்து எழுந்து வரும். ஆடுதுறை தாண்டியதும் பஸ்ஸும் லாரியும் திடீர் திடீரென்று முகத்துக்கு நேரே முளைத்தன. காவிரிக் கரையோரம் ஒரு சின்ன ரோடு பிரிந்தது. அதில் வண்டி வராது என்று திருப்பினேன். அந்த ஒன்று சரியாகத்தான் இருந்தது. அதில் எதுவுமே வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடிக்கு வெளியே உலகம் இல்லை. வயலும் இல்லை, ஆறும் இல்லை. காருக்கு முன்னால் பாய் அகலத்துக்கு ரோடு மட்டும் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார் சொல்லிக்கொண்டிருந்த அபிராமி பாட்டு மெதுவாக நின்றுவிட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே, தரைக்கு அடியிலிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுவதுபோல. டக். டக். டக்.

மங்கை குனிந்து காலடியைப் பார்த்தாள். எனக்குக் கேட்டது அவர்களுக்கும் கேட்கிறது என்று தெரிந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. மூக்கு வைத்த எண்ணெய்க் கெண்டி மாதிரிப் படம். ஆயில் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். மாமியார் முன்னால் எட்டிப் பார்த்தார்.

"விளக்கு எரியுது மாப்பிள்ளை. நல்ல சகுனம்தான்."

நான் சாவியைத் திருப்புவதற்குள் எஞ்சின் தானாகவே அணைந்ததுபோல் இருந்தது. நான் அணைக்கவில்லை என்று இன்றும் சொல்கிறேன். மங்கை, நீங்கள்தான் அணைத்தீர்கள் என்கிறாள். எப்படியோ, வண்டி நின்றது. முன்னால் மூடியின் இடுக்கிலிருந்து புகை. கருகிய எண்ணெய் நாற்றம் உள்ளே பரவியது.

இறங்கி, பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஃபில்டரைச் சுற்றி ஒழுகிக்கொண்டிருந்தது. வந்த வழியில் திரும்பிப் பார்த்தால், ஈர ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு, கை அகலத்துக்கு, வளைந்து வளைந்து பனிக்குள் போய் மறைந்தது. எதையோ இழுத்து வந்த தடம் மாதிரி இருந்தது. முதல் நாளே வேனில் போயிருந்த மச்சானுக்குப் போன் போட்டேன். கோயிலில் மேளச் சத்தத்தில் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் லேசாகக் காற்று வீசிப் பனி ஒரு பக்கம் விலகியது. எங்களுக்கு இடது கைப் பக்கம் நாலு தூணும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. அடியில் சாம்பல். சாம்பலிலிருந்து நூல் மாதிரி இன்னும் புகை எழுந்துகொண்டிருந்தது. எமனை ஜெயிக்கப் புறப்பட்ட இரண்டு பேரைச் சரியாகச் சுடுகாட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியிருந்தேன்.

மாமனார் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். முகூர்த்தம் தவறினால் அடுத்த முகூர்த்தம் என்பது அறுபதாம் கல்யாணத்தில் இல்லை. அந்த நட்சத்திரம் அன்றைக்குத்தான். மாமியார் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கவலை மாலையைப் பற்றி. ஆயில் நாற்றம் ஏறிவிடும் என்று வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து மாலைகளை வெளியே எடுத்தார். எடுத்த பிறகு எங்கே வைப்பது? சுடுகாட்டு மண்ணில் சாமி மாலையைக் கீழே வைக்கலாமா? கார் மேலே ஈரம். கடைசியில் ஒன்றை மாமனார் கழுத்தில் போட்டார். இன்னொன்றைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கையில வச்சிருந்தா கசங்கிடும்" என்றார்.

இருவரும் மாலையும் கழுத்துமாக, பட்டு உடுத்தி, நெற்றியில் திருநீறும் குங்குமமுமாகச் சுடுகாட்டு ஓரத்தில் அசையாமல் நின்றார்கள். பனி அவர்களை முழங்கால்வரை மூடியது. நம் பக்கத்தில் மாலை போட்டு அப்படி உட்காரவைப்பது இன்னொரு சமயத்தில்தான் என்ற நினைப்பு விரட்ட விரட்ட வந்தது. நானே அவர்களை முடித்துவிட்டேனோ, வரும் வழியில் எங்கேயோ மோதி, நாங்கள் எல்லோருமே போய்ச் சேர்ந்துவிட்டோமோ, அது தெரியாமல்தான் இங்கே நிற்கிறோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. (வேதியியல் எதற்கும் உதவவில்லை.)

"யாருங்க அது?" என்று ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"நாங்கதாங்க" என்றார் மாமனார்.

பதில் வரவில்லை. யாரும் வரவும் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் காருக்கு அடியில் நுழைந்தேன். ஃபில்டரைக் கையால் இறுக்கப் பார்த்தேன். சுட்டது, வழுக்கியது, முழங்கைவரை எண்ணெயும் அடி அழுக்குமாகக் கறுப்பாக வழிந்தது. அப்போது மறுபக்கம், நாங்கள் வந்த வழியில், பல பேர் நடந்துவரும் சத்தம். மெதுவாக, பேச்சில்லாமல் வந்தார்கள். இடையிடையே ஒரு குரல் மட்டும் கேட்டது.

"இந்தப் பக்கமாத்தான் இழுத்துட்டுப் போயிருக்கான். பாரு, இன்னும் காயல."

விஷயம் இதுதான். பின்னால் இருந்த ஊரில், ரோட்டில் வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். என் கார் அதன்மேல் ஒழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. காலையில் வந்தவர்கள் நனைந்து கறுத்த வைக்கோலைப் பார்த்து, யாரையோ வெட்டி இழுத்துப் போகிறார்கள் என்று முடிவு கட்டி, கம்பும் அரிவாளுமாகத் தடத்தைப் பிடித்தே வந்திருக்கிறார்கள். தடம் நேராகச் சுடுகாட்டுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், பனிக்குள் மாலையோடு இரண்டு பேர்.

முன்னால் வந்தவர் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதி நின்றார்கள். ஆள் வந்த சந்தோஷத்தில் மாமனார் கையை நீட்டிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார். வாழ்க்கையில் எதையும் நிதானமாகச் சொல்லிப் பழகியவர்.

"தம்பி, நாங்க ரெண்டு பேரும் போகணும். எங்களுக்கு நேரமாயிடுச்சு. யாராவது கூட வர்றீங்களா?"

அரிவாள் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. என்ன என்று பார்க்க நான் காருக்கு அடியிலிருந்து கறுத்த கையை முன்னால் ஊன்றி வெளியே ஊர்ந்து வந்தேன். அதற்குமேல் அங்கே யாரும் நிற்கவில்லை. ஓடியவர்களின் காலடிச் சத்தத்தைக்கூடப் பனி உடனே விழுங்கிவிட்டது.

ஒரே ஒரு பெண் மட்டும் நின்றாள். பால் கேனை இடுப்பில் வைத்திருந்தாள். ஓடவில்லை, ஓட முடியவில்லை என்று பிறகு சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் எங்கள் காலையே வெகுநேரம் பார்த்தாள். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்களே, அதைத்தான். பனி விலகி மாமியாரின் கால் தெரிந்ததும் பேசினாள்.

"மெட்டி போட்டிருக்கீங்களே அம்மா. மனுசங்கதானா?"

"திருக்கடையூருக்குப் போறோம் தாயி. மாப்பிள்ளை புது ஆயில் ஊத்துனாரு" என்றார் மாமியார். அவ்வளவுதான் சொன்னார். வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். அந்த ஒரு வரி எனக்கு இன்றும் வலிக்கிறது.

அந்தப் பெண் அமுதா, தன் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவர் வைக்கோல் ஏற்றிய குட்டி லாரியோடு வந்தார். வந்தவரும் இறங்குவதற்குமுன் எங்கள் காலைத்தான் பார்த்தார். காரை அங்கேயே பூட்டினோம். மாமனாரும் மாமியாரும் மாலையைக் கழற்றாமல் முன்னால் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நானும் மங்கையும் பின்னால் வைக்கோல்மேல். கிளம்பும்போது அமுதாவிடம், முதலில் ஆற்றுப் பக்கமிருந்து கூப்பிட்டது யார் என்று கேட்டேன். அவர்கள் எல்லோரும் ரோட்டு வழியாகத்தான் வந்தார்களாம், அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கம் யாரும் போக மாட்டார்களாம். சொல்லிவிட்டு அவளே கொழுந்தனிடம் சீக்கிரம் போகச் சொன்னாள். வழி முழுக்க மங்கை என் கையை விடவில்லை. கையில் இருந்த ஆயில் அவள் புடவைக்கும் போனது.

கோயிலில் ஐயர் கலசத்துத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார். முகூர்த்தம் முடிவதற்குச் சற்று முன்னால் மாமனார் தாலி கட்டினார். எல்லோரும் அட்சதை போட்டார்கள். நான் தூரத்தில் நின்று போட்டேன். என்மேல் அடித்த நாற்றத்துக்குப் பக்கத்தில் யாரும் விடவில்லை.

காரை இழுத்துக்கொண்டுபோன மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றியதும், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புதியதை நான் திருகியிருக்கிறேன். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடியபோது தாங்கிய இரட்டை வளையம், ரோட்டில் வேகம் எடுத்ததும் பிதுங்கிவிட்டது. எஞ்சின் பிழைத்துக்கொண்டது. அதன்பிறகு புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு, புத்தகத்தில் போட்டிருக்கிற ஆயிலை, சர்வீஸ் சென்டரில்தான் மாற்றுகிறேன். தூசியிலேயே ஓடுகிற வண்டிக்குக் கொஞ்சம் முன்னதாக மாற்றலாம் என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதையும் இப்போது நம்புகிறேன்.

போன தை மாதம் நாங்கள் கும்பகோணத்தில் இருந்தபோது மாமனார் மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் வந்தார். வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்.

"நான் செத்துட்டேனாம்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி விவரமாகச் சொல்லியிருக்கிறார். அறுபதாம் கல்யாணத்துக்குப் போன புருஷனும் பெண்டாட்டியும் காரோடு போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பனிக் காலத்தில் விடியும் நேரத்தில் மாலையோடு நின்று, நேரமாகிவிட்டது, கூட வருகிறாயா என்று கேட்கிறார்களாம். அந்த ரோட்டில் இப்போது காலையில் பால் வண்டிகூடப் போவதில்லையாம்.

"நான்தான் அதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் மங்கை.

"எப்படிம்மா சொல்றது? பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கான். பயந்துக்க மாட்டானா?"

மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். தன்னைப் பற்றி என்ன சொன்னான் என்று கேட்டார். வெள்ளைப் புடவை, விரித்த தலை என்று சொன்னானாம். அரக்குப் பட்டு, தலை பின்னி முழம் பூ வைத்திருந்ததை எவனுக்கும் பார்க்கத் தெரியவில்லையே என்று மாமியார் அன்று முழுக்கப் புழுங்கினார்.

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னான் மாப்பிள்ளை. கறுப்புக் கையோட தரையிலேருந்து எழுந்து வர்றாரே, அவர்தான் எமனாம்."

இப்போது நான் கும்பகோணத்துக்குப் போன் போட்டால், மச்சான் எடுத்துப் பேர் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுக்கிறான்.

"அப்பா, எமன் லைன்ல இருக்காரு. வீட்டுல இருக்கீங்கன்னு சொல்லவா?"