கரடி ரயிலும் கழுத்தொடிந்த செட்டியாரும்

எல்லோருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. என்னுடையது, பழைய காலத்துக் கார்ட்டூன் படம் போட்ட குழந்தைகள் பசில். முப்பது தாண்டிய ஆம்பளை, ஞாயிற்றுக்கிழமையானால் காட்டூர் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, அட்டைத் துண்டுகளைப் பொருத்தி முயலுக்குக் காது தேடிக்கொண்டிருப்பேன். (பெண் வீட்டாரிடம் அம்மா இதை "பையனுக்குக் கலை ஆர்வம்" என்று சொல்லிவந்தாள். பாவம்.)

பல வருஷம் அலைந்து, ஜாதகம் பொருந்தி வந்த ஒரே இடம் ஸ்ரீரங்கத்து மைதிலி. அப்போது நவராத்திரி. "கொலு பாக்குற மாதிரி போயிப் பொண்ணைப் பாத்துட்டு வந்துரலாம். இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் காசிக்குப் போயிடுவேன்" என்றாள் அம்மா. பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை அதே பாட்டு: "அங்க போயி பசில் கிசில்னு வாயைத் திறந்தே, பாத்துக்கோ!"

நான் வாயைத் திறக்கவில்லை. கையைத்தான் நீட்டினேன்.

மைதிலி சுண்டல் தட்டோடு வந்தாள். எல்லோரும் என்னைப் பார்க்க, நான் கொலுவின் அடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் விரித்திருந்த வேட்டி ஓரம் விலகி, ஒரு பெட்டியின் மூலை தெரிந்தது. அதில் ரயில் ஓட்டும் கரடியின் தொப்பி! அந்த பசிலுக்காக நான் ஏறி இறங்காத பழைய சாமான் கடை திருச்சியில் கிடையாது.

டிரங்குப் பெட்டி, பழைய புத்தகம், பிஸ்கட் டப்பா என்று கிடைத்ததையெல்லாம் முட்டுக்கொடுத்து, மேலே வேட்டியை விரித்துத்தான் நம் வீடுகளில் கொலுப்படி கட்டுவார்கள். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் குனிந்து பெட்டியை உருவினேன்.

அடிப்படி சாய்ந்தது. மேல்படிகளும் கூடவே கிளம்பின. தசாவதாரம், கல்யாண ஊர்வலம் எல்லாம் என் மடியில். செட்டியார் பொம்மை மட்டும் தரையில் விழுந்து, தலை தனியே உருண்டுபோய் மைதிலியின் அப்பா காலடியில் நின்றது. பெட்டி திறந்து பசில் துண்டுகள் கூடமெங்கும் சிதறின.

"ஐயையோ! என்னங்க பண்ணுனீங்க?" என்று அலறினார் மைதிலியின் அம்மா.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஆன்ட்டி, யாரும் நகராதீங்க! துண்டை மிதிச்சிருவீங்க!"

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மைதிலி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து துண்டுகளைப் பொறுக்கினாள். எல்லாம் கிடைத்தன, கரடியின் மூஞ்சியைத் தவிர. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, திருடன் மாதிரி வெளியே வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

அன்று சாயங்காலமே மைதிலியின் அப்பா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்தக் கரடி மூஞ்சி எங்க பொண்ணு கைக்குள்ளதாங்க இருந்திருக்கு. மாப்பிள்ளை நேர்ல வந்து வாங்கிக்கணுமாம்."

"மாப்பிள்ளைன்னா சொன்னாரு?" என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. (கரடிக்காகவா, மைதிலிக்காகவா என்று இன்னும் கேட்கிறார்கள். இரண்டுக்கும்தான், போங்கள்!)

செட்டியாரின் தலையை மாமனார் பசை போட்டு ஒட்டினார். அது ஒருபக்கமாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை மாமியார் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்தக் கோணல் பார்வை வாசலில் விழுகிற மாதிரி அவரை வைக்கிறார். நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்துவிடும்:

"செட்டியாரே, மாப்பிள்ளை வந்துட்டாரு. படியைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க!"