சார் இறங்கி வருகிறார்

"சரி சகலை, நானே இறங்கி வர்றேன். போதுமா?"

இழப்பீட்டு அதிகாரி போனை வைத்ததும் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. திரும்பினார். கேஷியரம்மா முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

"சார் இறங்குறாராம்! கேட்டீங்களா எல்லாரும்?"

குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட, அலுவலகத்தின் இருபது மாடிக் கட்டடத்திலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். அதற்குத்தான் கேஷியரம்மா பல நாளாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் சிக்கவில்லை.

அதிகாரி சொன்னது வேறு விஷயம். கட்டிலை ஜன்னலோரம் போடுவதா, சுவரோரம் போடுவதா என்று ஆரம்பித்த சண்டையில் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. விட்டுக்கொடுத்துப் போகிறேன் என்பதைத்தான் அக்கா கணவரிடம் சொன்னார்.

இதை ஆபீசில் சொன்னால் மானம் கப்பலேறிவிடும். சொல்லாவிட்டாலோ, கயிறு. மனிதர்கள் எங்கிருந்தெல்லாம் விழுந்து எதையெல்லாம் உடைத்துக்கொள்வார்கள் என்பது விபத்துக் காப்பீட்டில் வேலை பார்க்கும் அவருக்கு அத்துப்படி. நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றக்கூட யோசிப்பவர்.

"எனக்கு ஆசைதாம்மா. வீட்டுல ஒத்துக்க மாட்டாங்களே" என்று நழுவப் பார்த்தார்.

"அதை என்கிட்ட விடுங்க."

அடுத்த நிமிடம் கேஷியரம்மா ஸ்பீக்கரில் அவர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். "சார் இறங்கி வரத் தயாராயிட்டாரும்மா. நீங்க என்ன சொல்வீங்களோன்னுதான் பயப்படுறார்."

மனைவியின் குரல் தழுதழுத்தது. "அவரா? முதல்ல இறங்கி வரட்டும். நான் எங்க வரணும்?"

"சனிக்கிழமை காலையில ஆபீஸ் வாசலுக்கு வந்துடுங்க."

அதிகாரி கடைசி முயற்சியாக மேலாளரிடம் போனார். மேலாளர் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர்.

"சார், நீங்க ஒரு மாசச் சம்பளம் நன்கொடை குடுத்தா இறங்குறேன். இல்லேன்னா இல்லை."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? ரெண்டு மாசச் சம்பளமே தர்றேன். உங்களை அந்தரத்துல பார்க்கக் குடுத்து வெச்சிருக்கணுமே!"

சனிக்கிழமை மொட்டை மாடியில் இடுப்பு பெல்ட்டும் ஹெல்மெட்டும் மாட்டி, விளிம்பு வரை அவரைப் பின்பக்கமாக நடத்தினார்கள்.

"கீழ மட்டும் பார்க்காதீங்க சார்" என்றார் கயிற்றுப் பயிற்சியாளர்.

உடனே பார்த்துவிட்டார்.

பாதி வழியில், கட்டில் எந்தப் பக்கம் கிடந்தால் என்ன என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் தரையில் படுப்பதே உத்தமம் என்ற முடிவுக்கு வந்தார். அவள் முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

காலில் தரை பட்டதும் அழுதேவிட்டார். கூட்டம் கைதட்டியது. மேலாளர் முகம் வாடி நின்றார். மனைவியை மட்டும் காணவில்லை. இவ்வளவு செய்தும் அவள் மனம் இரங்கவில்லையே என்று நினைத்தார்.

பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு ஓடினார். "வாட்ச்மேன், என் வீட்டம்மா வந்தாங்களா?"

"நீங்க இறங்க ஆரம்பிச்சதுமே வந்தாங்களே சார். வந்ததும் வராததுமா, 'அவர் மட்டும்தான் இறங்கி வரணுமா, நானும் இறங்கி வர்றேன்'னு கேஷியரம்மாகிட்ட கண்கலங்கிச் சொன்னாங்க. இப்ப மேல அவங்களுக்கு பெல்ட் மாட்டிக்கிட்டிருக்காங்க."